ஒரே கேபிள் போதும், ஓட்டை போட வேண்டாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, கம்ப்யூட்டரைப் பற்றியதாக இருப்பதில்லை. வயரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். டேபிளை எங்கே போடுவது? இன்டர்நெட் வயரை எந்த வழியாகக் கொண்டு வருவது? டிவிக்குக் கேபிள் ஏற்கனவே இருக்கிறது, டிஷ் வயருக்கு இன்னொரு ஓட்டை போட வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு நான் பல ஆண்டுகள் தவறான பதிலைச் சொல்லி வந்தேன். அதனால் ஒரு நல்ல குடும்பம் என் வீட்டைக் காலி செய்து போனது. அந்தத் தவறை நீங்களும் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அனுப்பர்பாளையத்தில் என் அப்பா பித்தளைப் பாத்திரப் பட்டறை நடத்தியவர். அந்தச் சம்பாத்தியத்தில் ஆறு லைன் வீடுகள் கட்டினார். அப்போது மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா இருந்தது. தெற்கே கொடைக்கானல் தூர்தர்ஷன் நிலையத்தைப் பார்த்து நிற்கும். அதன் வயர் போகும் அளவுக்குத்தான் சுவருக்குள் பைப் வைத்தார்கள். பின்னாளில் ஆன்டெனா போய், அதே பைப்பில் கேபிள் டிவி வயர் வந்தது. இன்னொரு வயரை நுழைக்க இடம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில், பனியன் கம்பெனியில் டெய்லராக வேலை பார்த்த பீகார்க்காரர் குடியிருந்தார். "அண்ணா, மாடியில் ஒரு டிஷ் வைத்துக் கொள்ளட்டுமா? மாதக் கட்டணம் கிடையாது" என்று கேட்டார். அவர் சொன்னது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. இன்று நாடு முழுவதும் 4 கோடிக்கும் அதிகமான வீடுகளில் இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். போஜ்புரி சானல்களும் இதில் வருகின்றன.

ஏற்கனவே ஒருவர் போட்ட ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறிப் போயிருந்தது. அதனால், "சுவரைத் தொடக் கூடாது. வேண்டுமானால் கேபிளை உருவிவிட்டு உங்கள் டிஷ் வயரைப் போட்டுக் கொள்ளுங்கள்" என்றேன். அது அவருக்குச் சரிப்படவில்லை. மகள் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தாள். அவளுக்குக் கேபிளில் வரும் தமிழ் கார்ட்டூன் வேண்டும். மனைவிக்குத் தமிழ் தெரியாது. பகல் முழுவதும் தனியாக இருக்கும் அவருக்குப் பேச்சுத் துணை போல போஜ்புரி சானல் வேண்டும். கேபிள்காரப் பையனிடம் கேட்டேன். "ஒரு வயர்ல ரெண்டு லைன் வராதுங்ண்ணா" என்று முடித்துவிட்டான். நானும் அதையே சொன்னேன். அடுத்த மாதமே அவர்கள் வேலம்பாளையம் பக்கம் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

<b>டிராயரில் கிடைத்த பதில்</b>

பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டர் டேபிள் டிராயரைச் சுத்தம் செய்தபோது ஒரு சின்ன வெள்ளை டப்பா கிடைத்தது. பி.எஸ்.என்.எல். 2005ல் பிராட்பேண்ட் தொடங்கிய காலத்தில் மோடத்துடன் கொடுத்த ஸ்ப்ளிட்டர் அது. ஒரே டெலிபோன் லைனில் பேச்சும் இன்டர்நெட்டும் வரும். பேச்சு ஏறத்தாழ 4 கிலோ ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இன்டர்நெட் டேட்டா அதற்கு மேலே, 25 கிலோ ஹெர்ட்ஸுக்கு அப்பால் போகும். இரண்டையும் அந்த டப்பா பிரித்துக் கொடுக்கும். போனில் பேசிக் கொண்டே மெயில் பார்த்த நான், டிவி வயரில் மட்டும் இது முடியாது என்று எப்படி நம்பினேன்?

கணக்கைப் பாருங்கள். ஆன்டெனா சிக்னலும் கேபிள் டிவி சிக்னலும் சுமார் 47 முதல் 862 மெகா ஹெர்ட்ஸுக்குள் வருபவை. சாட்டலைட்டிலிருந்து டிஷ்ஷுக்கு வருவது 10.7 முதல் 12.75 கிகா ஹெர்ட்ஸ். இவ்வளவு உயர்ந்த அலைவரிசை நம் வயரில் தாக்குப் பிடிக்காது. எனவே டிஷ்ஷின் முன்னால் நீட்டிக் கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற பகுதி, அதை 950 முதல் 2150 மெகா ஹெர்ட்ஸ் வரை குறைத்து வயரில் அனுப்புகிறது. ஆக, கேபிள் 862ல் முடிகிறது, டிஷ் 950ல் தொடங்குகிறது. ஒன்றோடு ஒன்று மோதுவதில்லை.

இவற்றை ஒரே வயரில் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் சாதனத்தின் பெயர் டிப்ளெக்சர். இரண்டு வேண்டும். மாடியில் ஒன்று: அதன் 'சாட்' முனையில் டிஷ் வயர், 'டிவி' முனையில் கேபிள்காரரின் வயர், பொது முனையில் வீட்டுக்குள் இறங்கும் வயர். டிவி அருகே மற்றொன்று: பொது முனையில் இறங்கி வந்த வயர், 'சாட்' முனையிலிருந்து ஃப்ரீ டிஷ் பாக்ஸுக்கு, 'டிவி' முனையிலிருந்து கேபிள் செட் டாப் பாக்ஸுக்கு. இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான். லண்டனில் ஆன்டெனாவையும் டிஷ்ஷையும் இப்படி ஒரே வயரில் இறக்கும் அடுக்கு மாடி வீடுகள் பல உண்டு.

<b>நான் சுட்டுக் கொண்ட இடம்</b>

உற்சாகத்தில் முதல் முறை டிப்ளெக்சருக்குப் பதில் கையில் கிடைத்த சாதாரணக் கேபிள் ஸ்ப்ளிட்டரை மாட்டினேன். ஃப்ரீ டிஷ் பாக்ஸ் சிக்னலை வாங்குவது மட்டுமல்ல, அதே வயரில் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தையும் அனுப்புகிறது. நான் மாட்டிய ஸ்ப்ளிட்டர் எல்லாப் பக்கமும் மின்சாரத்தை விடும் ரகம். அது கேபிள் பூஸ்டருக்குள் போய், பூஸ்டர் புகைந்துவிட்டது. சீரியல் நேரத்தில் ஆறு வீட்டிலும் டிவி இல்லை. அன்று நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

எனவே, வாங்கும் முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். டிப்ளெக்சரின் 'சாட்' பக்கம் மட்டும் மின்சாரத்தை விட வேண்டும், 'டிவி' பக்கம் தடுக்க வேண்டும். டப்பாவின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வயர் நல்ல ஆர்.ஜி.6 ஆக இருக்கட்டும். அலைவரிசை உயர உயர வயரில் இழப்பும் கூடும். கனெக்டர்களைத் திருகும்போது பாக்ஸின் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

ஆன்டெனாவையும் கேபிளையும் இப்படிச் சேர்க்க முடியாது. இரண்டும் ஒரே அலைவரிசைக்காரர்கள். தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் நிலையங்களை, முக்கியமான சில இடங்கள் தவிர, 2022 மார்ச்சோடு மூட முடிவெடுத்துவிட்டதால், நம் பக்கம் அந்தத் தேவையும் எழாது.

கம்ப்யூட்டரிலேயே டிவி பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய டிவி ட்யூனர் கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அது அனலாக் கேபிளுக்குச் செய்தது. இன்று வயரை நேரே செருகினால் படம் வராது. எச்.டி.எம்.ஐ. உள்ள செட் டாப் பாக்ஸை மானிட்டரில் இணைப்பதே எளிது.

"எல்லாம் மொபைலில் வந்துவிட்டது, இனி எதற்கு வயர்?" என்று சிலர் கேட்கலாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்துச் சம்பளம் வாங்கும் வீட்டில், டேட்டா பேக் மாதக் கடைசிவரை வருவதில்லை. ஒரு முறை செலவழித்தால் பல ஆண்டு ஓடும் டிஷ்ஷின் அருமை அங்கேதான் தெரியும். பிள்ளைக்கு ஒரு மொழி, தாய்க்கு ஒரு மொழி என்று வாழும் குடும்பங்கள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வீட்டு உரிமையாளர்கள் 'முடியாது' என்று சொல்லும் முன், எலக்ட்ரானிக்ஸ் கடையில் டிப்ளெக்சர் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாக வீடு கட்டுபவர்கள் மாடியிலிருந்து ஹாலுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பெரிய பைப்பே வைத்துவிடுங்கள். ஒன்று டிவிக்கு, மற்றொன்று ஃபைபர் இன்டர்நெட்டுக்கு ஆகும்.

இப்போது அந்த வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறது. ஒரே வயர், இரண்டு பாக்ஸ். சுவரில் புது ஓட்டை எதுவும் இல்லை. வேலம்பாளையத்துக்குப் போனவரை ஒரு நாள் வழியில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக் கொண்டே, "அப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.