அணைக்கு வந்த உதவி ஆணையத்துக்கும் வரட்டும்

குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே பெரியாற்றை மறித்து நிற்கும் இடுக்கி அணையைப் பற்றிக் கேரள எல்லைப்புறத் தமிழர்களுக்கு நான் விஸ்தாரமாக எடுத்துரைக்க வேண்டிய அவசியமில்லை. ஆயினும், 1976-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி இந்திரா காந்தி அம்மையாரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்த அணை, கனடா தேசத்தின் கடனுதவியாலும், மான்ட்ரியால் நகரத்தைச் சேர்ந்த சர்வேயர், நென்னிகர், செனவெர்ட் என்ற ஸ்தாபனத்துப் பொறியாளர்களின் ஆலோசனையாலும் எழுந்தது என்பதை இன்றைய தலைமுறையில் பலர் மறந்திருக்கக் கூடும். நீரின் பாரத்தை இரு மலைகளின் மீதும் சாய்த்து நிற்கும் 555 அடி உயரமுள்ள அத்தகைய வளைவை நம்மவர் அதற்கு முன் கட்டியதில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுக் கொள்வதில் அன்று எவரும் சிறுமை காணவுமில்லை.

அணை கட்டும் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. இன்று மின்சாரத்தில் எழும் கடினமான வினா, அதை எவ்வாறு உற்பத்தி செய்வது என்பதல்ல. எந்த விலைக்கு, எவருடைய அனுமதியோடு, யாருடைய வாதத்தைக் கேட்ட பிறகு விற்பது என்பதே. 2008 முதல் நம் தேசத்தில் இயங்கிவரும் மின்சாரச் சந்தையில் இப்போது பதினைந்து நிமிடத்துக்கு ஒரு விலை பிறக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கும், அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே திருச்சூருக்கும் 2021-இல் மின்பாதை வந்து சேர்ந்துவிட்டது. 2,000 மெகாவாட் சுமக்கும் இக்கடைசிப் பகுதியின் செலவை எந்த மாநிலம் எவ்வளவு ஏற்பது என்ற விவகாரமோ, கம்பங்கள் நட்டு முடிந்த பிறகும் எளிதில் தீர்வதாயில்லை. கான்கிரீட் அறிந்தவர்களைக் காட்டிலும் கணக்கும் சட்டமும் அறிந்த நடுநிலையாளர்கள் இங்கே தேவைப்படுகிறார்கள்.

அத்தகைய நடுநிலை ஸ்தாபனம் என்ற எண்ணமே நமக்கு வெளிநாட்டுத் தொடர்பினால் வந்ததுதான். உலக வங்கியின் கடனோடும் பிரிட்டிஷ் அரசாங்கம் அனுப்பிய ஆலோசகர்களின் துணையோடும் ஒரிஸ்ஸா மாநிலம் 1996-இல் நாட்டின் முதல் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. அதைத் தொடர்ந்து 1998-இல் மத்திய ஆணையமும், 1999-இல் தமிழ்நாட்டு ஆணையமும், 2002-இல் கேரள ஆணையமும் தோன்றின. ஒரிஸ்ஸாவின் அனுபவத்தை நாம் கண்களைத் திறந்துகொண்டே பார்க்க வேண்டும். விநியோகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்த அந்த ஆண்டிலேயே, 1999-இல், பெரும்புயல் வந்து கம்பங்களைச் சாய்த்தது. மத்தியப் பகுதியை ஏற்றிருந்த அமெரிக்கக் கம்பெனி 2001-இல் விலகிப் போயிற்று. ஆலோசகர்களுக்கென்று கொட்டிய பணத்தை, அச்சீர்திருத்தத்தை ஆராய்ந்த கனுங்கோ குழு கண்டித்தது. அந்நியரின் ஆலோசனையில் தனியார்மயம் என்ற பகுதி அன்று ஒரிஸ்ஸாவில் வேர்பிடிக்கவில்லை. ஆனால், விலையை மந்திரிசபை இரகசியமாக நிர்ணயிக்கக் கூடாது, பொதுஜனங்கள் முன்னிலையில் கணக்கைப் பரப்பி வைத்து, ஆட்சேபணைகளைக் கேட்ட பிறகே நிர்ணயிக்க வேண்டும் என்ற மற்றொரு பகுதி நிலைத்து நின்றது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 64-ஆம் பிரிவில் அதையே கட்டளையாக்கி வைத்திருக்கிறது. இதுவே அந்த ஒத்துழைப்பின் உண்மையான லாபம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அந்த லாபம் கேரளத்துப் பிரஜையின் கைக்கு முழுமையாக வந்து சேர்ந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2014-இல் மின்சார வாரியம் மூன்று கம்பெனிகளோடு 465 மெகாவாட்டுக்கு இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்து, யூனிட்டுக்கு நான்கு ரூபாய் சில்லறை விலையில் மின்சாரம் பெற்று வந்தது. டெண்டர் நடைமுறையில் குற்றம் கண்ட ஆணையம் 2023 மே மாதத்தில் அவ்வொப்பந்தங்களுக்கு அங்கீகாரம் மறுத்தது. அரசாங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் அவ்வாண்டின் இறுதியில் அதே ஆணையம் அவற்றை மீண்டும் உயிர்ப்பித்தது. 2024-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தப் பிந்திய உத்தரவையும் ரத்து செய்தது. வாரியம் இதற்கிடையே சந்தையில் அதிக விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. நியாயம் எந்தப் பக்கம் என்பதை வக்கீல்கள் வாதிக்கட்டும். பாரம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. கொழிஞ்சாம்பாறையிலோ வண்டிப்பெரியாற்றிலோ ரீடிங் எடுப்பவர் கைமெஷினில் அடித்துக் கொடுக்கும் அந்த மெல்லிய கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். யூனிட் சார்ஜ், பிக்ஸட் சார்ஜ், மின்வரி என்ற வரிகளுக்கு நடுவே ‘சர்சார்ஜ்’ என்று ஒரு வரி காசுக் கணக்கில் இருக்கும். எங்கோ யாரோ செய்த கொள்முதல், எங்கோ யாரோ செய்த தீர்ப்பு, இரண்டின் விளைவையும் சாதாரணக் குடும்பம் சந்திக்கும் இடம் அந்த ஒரு வரிதான்.

அந்தக் குடும்பத்தின் குரல் விசாரணைக் கூடத்தில் ஒலிக்கிறதா? மூணாற்றுத் தோட்டப் பகுதியில் மின்விநியோக உரிமம் பெற்றிருப்பது வாரியங்கூட அன்று, கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி. லயங்களில் வசிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு வேலை தருவதும் விளக்குத் தருவதும் ஒரே கம்பெனி என்ற நிலையில், நடுநிலையான ஆணையம் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. ஆனால் கட்டண மனுவோ ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். 2024-இல் ஒரு விசாரணை பாலக்காட்டில் நடந்தது வரவேற்கத் தக்கதே. எனினும் தேவிகுளத்துக்காரர் எர்ணாகுளத்து விசாரணைக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழந்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்க வேண்டும். அங்கே சென்றும் எந்தப் பாஷையில் பேசுவார்?

இந்தக் குறையை நீக்கும் வழியை உலகம் அறியாமலில்லை. நாம் கேட்கவில்லை, அவ்வளவே. நமக்கு அணை வரைந்து கொடுத்தவர்களின் மாகாணமான கியூபெக்கிலேயே, 1997 முதல் இயங்கும் எரிசக்தி ஆணையம், விசாரணையில் பயனுள்ள வாதங்களை முன்வைக்கும் நுகர்வோர் சங்கங்களுக்கு நிபுணர் கட்டணம், வக்கீல் கட்டணம் ஆகியவற்றை வழங்கும்படி மின்சாரக் கம்பெனிக்கு உத்தரவிட அதிகாரம் பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலச் சட்டசபை 1983-இல் நுகர்வோருக்காக வாதாடவென்றே ஒரு சங்கத்தைச் சட்டத்தின் மூலம் உண்டாக்கியது. நம் சட்டத்தின் 94-ஆம் பிரிவும் நுகர்வோர் சார்பில் பேச ஒருவரை நியமிக்க ஆணையத்துக்கு இடம் கொடுக்கிறது. அவர் எப்படிப் பயிற்சி பெறுவது, அவருடைய செலவுக்குப் பணம் எங்கிருந்து வருவது என்பதையெல்லாம் இத்தகைய தேசங்களிடம் கேட்டறியலாம். தெற்காசிய ஒழுங்குமுறை ஆணையங்கள் கூடிப் பேசுவதற்கென்று 1999-இல் தொடங்கிய கூட்டமைப்பும் இருக்கிறது. நேபாளத்தின் மின்சாரம் இந்தியக் கம்பி வழியே பங்களாதேஷுக்குப் போகத் தொடங்கிவிட்ட 2024-க்குப் பின், விலையைப் பற்றி அண்டை நாடுகளோடு பேசுவது போலவே, விலை கொடுப்பவனைப் பற்றியும் பேசுவது நியாயம்.

பாஷை விஷயத்தில் வெளிநாடு செல்லவும் வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசாங்கத்தோடும் தங்கள் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களோடும் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை அளித்திருக்கிறது. ஆணையம் தனிச் சட்டத்தால் அமைந்தது என்பதைக் காரணமாகக் காட்டி ஒதுங்காமல், அதே மரியாதையை மின் நுகர்வோருக்கும் அளிக்க வேண்டும்: கட்டண மனுவின் சுருக்கம் தமிழில் வெளிவரட்டும், ஒரு விசாரணையாவது மூணாற்றிலோ பாலக்காட்டுச் சித்தூரிலோ மொழிபெயர்ப்பாளரோடு நடக்கட்டும்.

சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டண மனுவின் அறிவிப்பு பத்திரிகையில் வெளிவந்ததும், கரண்ட் பில்லின் நகலோடு உங்கள் ஆட்சேபணையைத் தமிழிலேயே எழுதித் திருவனந்தபுரத்திலுள்ள ஆணையத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரிலும் ஒன்று அனுப்புங்கள்.