கிடங்கு இடம் மாறினால் கிடங்குத் தொழிலாளி?

பிவண்டி என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு விசைத்தறிதான் நினைவுக்கு வரும். இன்று அங்கே தறிச் சத்தத்தோடு லாரிச் சத்தமும் போட்டி போடுகிறது. நாசிக் நெடுஞ்சாலையை ஒட்டிய கிராமங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் கிடங்குகள். நம்மவர்கள் பலருக்குச் சோறு போடுவதும் இந்தக் கிடங்குகளே.

இவை அங்கே ஏன் முளைத்தன? மும்பை மாநகராட்சி எல்லைக்குள் சரக்கு நுழைந்தால் ஆக்ட்ராய் கட்ட வேண்டியிருந்தது. எல்லைக்கு வெளியே பஞ்சாயத்து நிலத்தில் இறக்கி வைத்து, வேண்டியதை வேண்டியபோது நகருக்குள் அனுப்பினால், வரியையும் அப்போது கட்டினால் போதும். வெளியூர் போகும் சரக்குக்கு அந்த வம்பே இல்லை. இன்னொரு கணக்கும் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி; தன் சொந்தக் கிடங்குக்கே மாற்றினால் எப் பாரம் காட்டினால் போதும், வரி கிடையாது. ஆகவே பெரிய கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைத்தன. கிடங்குக்கு ஒரு மேனேஜர், ஒரு கணக்கர், இரண்டு பில் குமாஸ்தா. ஆங்கிலமும் தட்டச்சும் தெரிந்த நம் பிள்ளைகள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது. ஆக்ட்ராயும் ஒழிந்தது. இரண்டு காரணங்களும் ஒரே நள்ளிரவில் போய்விட்டன. பிவண்டி பாழாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. முதலாளிகள் கணக்கை மாற்றிப் போட்டார்கள். நாலு மாநிலத்துச் சிறு கிடங்குகளை மூடிவிட்டு நெடுஞ்சாலையோரம் ஒரே பெரிய கிடங்கு கட்டினார்கள். ஒரு பக்கம் நவசேவா துறைமுகம், மறுபக்கம் மும்பை நகரம். ஆன்லைன் வியாபாரக் கம்பெனிகளும் வந்து சேர்ந்தன. இந்தச் சாமர்த்தியத்தை நாம் குறை கூறவில்லை.

2020 ஊரடங்கும், 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரே கப்பல் ஆறு நாள் வழியடைத்ததும் வியாபாரிகளுக்கு மேலும் புத்தி புகட்டின. ஒரே இடத்தில் வாங்காதே. ஒரே வழியை நம்பாதே. கையிருப்பை அடியோடு குறைக்காதே. இனி தாத்ரியிலிருந்து நவசேவா வரை 1,506 கி.மீ. நீளத்தில் சரக்கு ரயிலுக்கென்றே தனிப்பாதைத் திட்டம் இருக்கிறது. ஒன்றரை கி.மீ. நீள இரட்டை அடுக்குக் கண்டெய்னர் ரயில் 2021 ஜனவரியிலேயே அதன் ஒரு பகுதியில் ஓடிவிட்டது. சாலையில் போகும் சரக்கு தண்டவாளத்துக்குத் திரும்பும். (இதை எழுதுகிறவர் ரயில்வேக்காரர், அவருக்கு மகிழ்ச்சிதான்.) அப்போது கிடங்கும் மறுபடி இடம் மாறக்கூடும்.

சரக்குக்கு மூன்று வழி யோசித்து வைக்கும் கம்பெனி, ஆளுக்கு ஒரு வழியாவது யோசித்ததா? ஆக்ட்ராய் போனபோது மாநகராட்சி ஊழியருக்கு வேறு இலாகா இருந்தது. முலுண்டு, தஹிசர் நாகாக்களில் ஏஜெண்டுகளிடம் பாரம் நிரப்பிக் கொடுத்த குமாஸ்தாவுக்கு எந்த இலாகா?

மகாராஷ்டிரம் இதற்கு 1969லேயே ஒரு வழி கண்டது. அதுதான் மாத்தாடி சட்டம். தலைச்சுமைத் தொழிலாளிக்குக் காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு கடை. முதலாளி இன்னார் என்று கைகாட்ட முடியாது. ஆகவே கூலியையும் அதற்கு மேல் ஒரு லெவியையும் வியாபாரி போர்டில் கட்ட வேண்டும், பி.எப்., போனஸ், மருத்துவ உதவி எல்லாம் அதிலிருந்து. அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் போராடிப் பெற்றது அது. மொத்த மார்க்கெட் மசூதி பந்தரிலிருந்து வாஷிக்குப் போனபோதும் தொழிலாளியின் கணக்கு கடையோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, போர்டில் இருந்தது. மாத்தாடி பெயரைச் சொல்லிப் பணம் பறித்தவர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது. அதற்காகச் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது.

புதிய கிடங்குகளிலோ காண்டிராக்டர் ராஜ்யம். தீபாவளி சீசனுக்கு ஆள் எடுப்பு. சீசன் முடிந்தால் கேட் பாஸ் செல்லாது. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. அந்தக் கடிதம் கைக்கு வருகிறதா என்று தொழிலாளர் இலாகா கிடங்கு வாசலிலேயே வந்து பார்க்க வேண்டும். மாத்தாடி போர்டைப் போல ஒரு கணக்கை, காண்டிராக்டர் மூலம் வரும் பாக்கிங் தொழிலாளிக்கும் ஸ்கேனிங் பையனுக்கும் மாநில அரசு ஏற்படுத்த வேண்டும். கிடங்கை இடம் மாற்றும் கம்பெனி மூன்று மாதம் முன்பே ஊழியருக்குச் சொல்லிவிட வேண்டும்.

நம்மவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பி.எப். கணக்குக்கு 12 இலக்க யு.ஏ.என். எண் 2014 முதல் இருக்கிறது. காண்டிராக்டர் மாறினாலும் எண் மாறாது. புதியவர் புது எண் போட வந்தால் விடாதீர்கள். பழைய எண்ணையே எழுதச் சொல்லுங்கள். பில் மட்டும் எழுதத் தெரிந்த குமாஸ்தா இ-வே பில்லையும் கம்ப்யூட்டரில் ஸ்டாக் பார்ப்பதையும் பழகிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் இதற்கு வகுப்பு நடத்தலாம். பட்டிமன்றத்துக்குக் கிடைக்கிற மண்டபம் இதற்கும் கிடைக்கும்.