நீனா சிமோனின் கோபத்துக்கு யார் பொறுப்பு?

நீனா சிமோனைப் பற்றிப் பேச்சு வந்தால் ஓர் ஆறுதல் வாக்கியமும் கூடவே வந்துவிடும். “அன்று அந்த இசைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டிருந்தால் நமக்கு இப்படி ஒரு பாடகி கிடைத்திருப்பாரா?” நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வி யாருக்கு ஆறுதல் தருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கதவைச் சாத்தியவர்களுக்கு. மறுப்பே கடைசியில் நன்மையாக முடிந்தது என்றால், மறுத்தவர்கள் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

யூனிஸ் கேத்லீன் வேமன் என்பது அவருடைய இயற்பெயர். 1933இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ட்ரையான் என்ற சிற்றூரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஆறாவது. தாய் மெதடிஸ்ட் சபையின் போதகர். பிழைப்புக்கு வெள்ளையர் வீட்டில் வேலை செய்தார். தேவாலயத்தில் பியானோ வாசித்த அந்தச் சிறுமியின் திறமையைக் கண்டு, தாயின் முதலாளியம்மாவே முதல் வகுப்புகளுக்குப் பணம் கட்டினார். மியூரியல் மஸ்ஸனோவிச் என்ற ஆசிரியை அவருக்கு பாக்கின் இசையைக் கற்றுக்கொடுத்தார். உலகின் முதல் கறுப்பினச் செவ்வியல் பியானோ கலைஞராக வேண்டும் என்பது சிறுமியின் கனவு.

ஊர் நூலகத்தில் நடந்த முதல் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய பெற்றோரை, வெள்ளையர்களுக்கு இடம் கொடுக்கச் சொல்லிப் பின்னால் அனுப்பினார்கள். அவர்கள் முன்னால் வந்து உட்காரும்வரை வாசிக்க மாட்டேன் என்று சிறுமி சொல்லிவிட்டார். பெற்றோர் முன்வரிசைக்குத் திரும்பினார்கள். பிற்காலத்தில் ‘கோபக்காரி’ என்று உலகம் அழைத்த பெண்ணின் முதல் கோபம் இது. இதில் எந்தச் சொல் மிகை?

பள்ளிப் படிப்பை முடித்தபின் 1950இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் கோடைக்காலப் பயிற்சி. அதற்கான செலவில் ஊர் மக்கள் சேர்த்த நிதியும் இருந்தது. அடுத்த இலக்கு ஃபிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரி. மகள் சேர்ந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் குடும்பமே அந்த நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. 1951இல் கல்லூரி அவரை நிராகரித்தது. தன் நிறமே காரணம் என்று கடைசிவரை அவர் உறுதியாக நம்பினார்.

மறுதரப்புக்கும் ஒரு வாதம் இருக்கிறது. பின்னர் அவருக்குத் தனியாகப் பாடம் எடுத்த கர்டிஸ் ஆசிரியர் விளாதிமிர் சோகோலோஃப், நிராகரிப்புக்கு நிறம் காரணமில்லை என்றார். ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பின இசைஞர் அதே கல்லூரியில் 1945லேயே பட்டம் பெற்றிருக்கிறார். சரி, தேர்வாளர்கள் மனத்தில் வெறுப்பே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி தீர்வதில்லை. தாய் வேலை செய்த வீட்டின் தயவு, ஓர் ஆசிரியையின் அக்கறை, ஊர் சேர்த்த காசு, குடும்பம் விட்டு வந்த ஊர் என எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கறுப்பினச் சிறுமியை அந்தத் தேர்வு அறையின் வாசல்வரை கொண்டுவந்தன. உள்ளே அவரோடு போட்டியிட்டவர்களில் எத்தனை பேருக்கு இத்தனை பேரின் தயவு தேவைப்பட்டிருக்கும்? வாசல்வரைகூட வர முடியாமல் நின்றுபோன கறுப்பினப் பிள்ளைகள் எத்தனை பேர்? ‘தகுதி’ என்ற சொல் இந்தக் கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்வதற்காகவே பயன்படுத்தப்படுகிறது. நமக்கும் நன்கு பழகிய சொல்தான் அது.

பிழைக்க வேண்டுமே! 1954இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் பியானோ வாசிக்கப் போனார். பாடவும் செய்தால்தான் வேலை என்றார் முதலாளி. பாடினார். மதுக்கூடத்தில் மகள் பாடுவது போதகரான தாய்க்குத் தெரியக் கூடாதென்று வைத்துக்கொண்ட பெயர்தான் நீனா சிமோன்.

பெத்லஹேம் நிறுவனத்துக்காக 1950களின் இறுதியில் பதிவான முதல் ஆல்பம் ‘லிட்டில் கேர்ள் ப்ளூ’. அதில் ‘லவ் மி ஆர் லீவ் மி’ என்ற காதல் பாட்டின் நடுவே அவர் விரல்கள் பாக்கின் பாணிக்குள் புகுந்து வெளியே வருவதைக் கேளுங்கள். கல்லூரி வேண்டாமென்ற கலைஞர் மதுக்கூடத்துப் பாட்டுக்குள் உட்கார்ந்து வாசிக்கிறார். ஆனால் அந்த ஆல்பத்தின் உரிமையை அவர் சுமார் 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1987இல், அதிலிருந்த ஒரு பாடல் வாசனைத் திரவிய விளம்பரத்தில் ஒலித்து பிரிட்டனில் பெருவெற்றி பெற்றது. தன் முதல் உழைப்பின் பலனில் பெரும்பகுதியை அவர் இழந்திருந்தார். ஜாஸ் பாடகி என்ற முத்திரையையும் அவர் விரும்பவில்லை. தன்னுடையது கறுப்பர்களின் செவ்வியல் இசை என்றே சொன்னார்.

1963 ஏப்ரலில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அவர் கச்சேரி செய்த நாளில்தான் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாமில் கைதாகிச் சிறைக்குப் போனார். நாடக ஆசிரியரும் தோழியுமான லொரெய்ன் ஹான்ஸ்பெரி அவரை அழைத்து, இயக்கத்துக்கு நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அந்தத் தோழமைதான் நீனாவின் அரசியல் பள்ளிக்கூடம். அதே ஆண்டு ஜூனில் மிசிசிப்பியில் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. செய்தி கேட்டதும் வீட்டில் கிடந்த பொருள்களை வைத்துத் துப்பாக்கி செய்ய முயன்றதாக நீனா பின்னர் எழுதினார். துப்பாக்கி உருவாகவில்லை. ‘மிசிசிப்பி காடம்’ உருவானது.

1964இல் வெளியான ‘நீனா சிமோன் இன் கான்சர்ட்’ ஆல்பத்தில் அந்தப் பாடல் இருக்கிறது. நாடக மேடைப் பாட்டைப் போலத் துள்ளலான மெட்டு. தொடக்கத்தில் அரங்கம் சிரிப்பது பதிவிலேயே கேட்கும். பாட்டு வளர வளரச் சிரிப்பு அடங்கிவிடுகிறது. தென் மாநிலங்களில் பல வானொலிகள் அதைத் தடைசெய்தன. தலைப்பில் வசைச்சொல் இருக்கிறது என்பது சாக்கு. தென் கரோலினாவில் ஒரு விற்பனையாளர் பெட்டி நிறைய இசைத்தட்டுகளை இரண்டிரண்டாக உடைத்துத் திருப்பி அனுப்பினார். குண்டு வைத்தவர்களைவிடக் குண்டைப் பற்றிப் பாடியவரின் மொழிதான் அவர்களுக்கு அநாகரிகமாகப் பட்டது.

அரசியல் பேசத் தொடங்கியதும் அவர் கலை கெட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் அடுத்த ஆறு ஆண்டுகளின் ஆல்பங்களில் இருக்கிறது. ‘பேஸ்டல் ப்ளூஸ்’ (1965) ஆல்பத்தின் பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் ‘சின்னர்மேன்’, சிறுவயது தேவாலயத்தின் ஆவேசத்தை அப்படியே கொண்டுவருகிறது. 1968இல் கிங் கொல்லப்பட்ட மூன்றாம் நாள் அவர் மேடையேறினார். கிங்குக்காக அவருடைய பேஸ் கலைஞர் ஜீன் டெய்லர் எழுதிய புதுப் பாட்டை அன்று பாடினார். ‘நஃப் செட்’ ஆல்பத்தில் அது இருக்கிறது. ‘பிளாக் கோல்ட்’ (1970) ஆல்பத்தில், 34 வயதில் இறந்துபோன ஹான்ஸ்பெரியின் நினைவாக உருவான ‘டு பி யங், கிஃப்டட் அண்ட் பிளாக்’ இருக்கிறது. கறுப்பினப் பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் திறமைசாலிகள் என்று சொல்லும் பாட்டு அது. யாருடைய அனுமதிச் சான்றும் அதற்குத் தேவைப்படவில்லை.

‘வைல்ட் இஸ் த விண்ட்’ (1966) ஆல்பத்தின் ‘ஃபோர் விமன்’ பாடலைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெவ்வேறு தோல் நிறம் கொண்ட நான்கு கறுப்பினப் பெண்கள் தங்களைத் தாங்களே அறிமுகம் செய்துகொள்கிறார்கள். ஒரே ஒடுக்குமுறை, நிறத்தின் படிநிலைக்கு ஏற்ப நான்கு விதமாக அவர்கள் உடலில் எழுதப்பட்டிருக்கிறது. இது கறுப்பினப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி இதையும் சில வானொலிகள் நிறுத்தின. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், நீனாவின் வாழ்க்கையைப் படமாக எடுத்தபோது வெளிர்நிற நடிகை ஒருவரைத் தேர்ந்து, முகத்தில் கருமை பூசி, ஒட்டு மூக்கு வைத்து நடிக்கவைத்தார்கள். நீனாவின் கதை வேண்டும், அவரைப் போன்ற முகம் வேண்டாம். ‘ஃபோர் விமன்’ எழுதப்பட வேண்டிய காரணம் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலை பெரிது. மேலாளராகவும் இருந்த கணவரின் அடி உதையைத் தாங்கினார். 1970களில் அமெரிக்காவை விட்டு வெளியேறி பார்படாஸ், லைபீரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் என்று அலைந்தார். இருமுனைய மனநோய் என்று கண்டறியப்பட்டது மிகத் தாமதமாகத்தான். தாய் தன்னை அடித்ததை அவருடைய மகளே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நீனாவைப் புனிதராக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் அவர் நோயைக் காட்டி அவர் கோபத்தைத் தள்ளுபடி செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நான்கு சிறுமிகளின் மரணத்துக்குக் கோபப்பட நோய் எதுவும் தேவையில்லை.

2003 ஏப்ரல் 21 அன்று பிரான்ஸில் நீனா இறந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு கர்டிஸ் கல்லூரி அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. அரை நூற்றாண்டு தாமதம். நிறுவனங்கள் இப்படித்தான் மன்னிப்புக் கேட்கின்றன: இடம் கேட்டவருக்கு இனி இடம் தேவைப்படாத நேரம் பார்த்து. அந்தப் பட்டத்தைப் படம்பிடித்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்; 1951இல் வீடு திரும்பிய 18 வயதுப் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது.

அதனால்தான் அந்த ஆறுதல் வாக்கியத்தை ஏற்க முடியாது என்கிறேன். கர்டிஸ் சேர்த்துக்கொண்டிருந்தால் நமக்கு ஒரு நீனா சிமோன் கிடைக்காமல் போயிருக்கலாம். யூனிஸ் வேமன் என்ற பியானோ கலைஞர் கிடைத்திருப்பார். அவரை நாம் இழந்தோம். அவரும் தன்னை இழந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் காயத்திலிருந்து நல்ல பாட்டு பிறந்தது என்பதற்காகக் காயத்துக்கு நன்றி சொல்லக் கூடாது. இன்று ஏதோ ஒரு கல்லூரி வாசலில், விடுதி அறையில், நேர்காணல் மேசையில் மறுக்கப்படுகிற பிள்ளையிடம் “இதுவும் நன்மைக்கே, பின்னால் பெரிய ஆளாக வருவாய்” என்று சொல்லாதீர்கள். கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நின்று கேளுங்கள்.