கணக்குக் காட்டாத அறம்

அறம் என்னும் பெயரால் இன்று நாட்டில் புழங்கும் பணம் சிறிதன்று. பள்ளிக்குக் கழிப்பறை, ஏரிக்குக் கரை, ஊருக்குக் குடிநீர்த்தொட்டி, மாணவர்க்குப் புத்தகப்பை என்று கொடைகள் வருகின்றன. அவற்றுக்கு முன்னே கொடுத்தவர் பெயர் பொறித்த பலகைகளும் வருகின்றன. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று, எஞ்சியது யாரிடம் இருக்கின்றது என்று எழுதிய பலகையைக் காண்பதுதான் அரிதாக இருக்கின்றது. பெற்றவன் கைகூப்ப வேண்டும். கணக்குக் கேட்கக் கூடாது என்பதே இக்காலக் கொடையின் எழுதாச் சட்டம். இந்நிலையில் காஞ்சி மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைத் தமிழர் மீண்டும் ஒருமுறை படிப்பது நலம்.

முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், வெட்டப்பெற்றவை அவை. குடவோலையைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். அதனினும் கூரிய ஒரு விதி அக்கல்லிலேயே கிடக்கின்றது. அதைப் பேசுவார் சிலரே. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. எந்த வாரியத்தில் இருந்தவனாயினும் கணக்குக் காட்டாது போனால், அவன் மீண்டும் குடவோலையில் இடம்பெற முடியாது. அவன் மட்டுமா? அவன் தந்தை, மக்கள், உடன்பிறந்தார், மாமன் எனச் சுற்றமே தகுதியிழந்தது. கணக்கெழுதுவோன் தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். பிறன் வந்து முடித்துவைக்கக் கூடாது. தூயவன் எனத் தெளிந்த பின்னரே மறுகணக்கில் கைவைக்கலாம். ஏரியின் தூர் அகற்றுதற்கென வைத்த அறமுதலின் வட்டியால் ஆண்டுதோறும் பணி நடக்க வேண்டும் என்றும் அவ்வூர்க் கல்வெட்டுகள் பேசுகின்றன. அற முதலும் ஊர் முதலே. ஊர் முதலுக்குக் கணக்கு உண்டு என்பதே அன்றைய தெளிவு.

இதனால் அவ்வூர் முறையை முழுதாக வழிபடச் சொல்கின்றோம் என்று எவரும் கருத வேண்டா. அது பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் வரியிறுக்கும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைக்கல்வியும் உடையவனே குடவோலைக்கு உரியவன். அந்நிலத்தை உழுதவனுக்கு ஓலையில்லை, பெண்ணுக்கு ஓலையில்லை. கணக்குக் கேட்கும் உரிமையை ஒரு சிலர் தமக்குள் வைத்துக்கொண்ட அவை அது. விதி நல்லது, வேலி தீயது. விதியைக் கொண்டு வேலியைத் தள்ளுவதே நம் கடமை.

தில்லியோ விதியைத் தள்ளி வேலியைக் கொண்டது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு 2020 திசம்பர் 10ஆம் நாள் அடிக்கல் நாட்டிய தலைமையமைச்சர், உத்திரமேரூரின் மக்களாட்சி மாண்பைப் புகழ்ந்துரைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நடந்தது என்ன? நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், முதன்முதல் பிறந்து, 2010இல் புதிதாக இயற்றப்பட்ட அயல்நாட்டுக் கொடைச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. கன்னியாகுமரியில் தொண்டு செய்பவரும் அயல்நாட்டுக் கொடையைத் தில்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஒரே வங்கிக் கிளையில்தான் முதலில் பெற வேண்டும். பெற்ற அமைப்பு அதைப் பிற அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கக் கூடாது. ஆட்சிச் செலவு 50 விழுக்காட்டினின்று 20 விழுக்காடாகக் குறுக்கப்பட்டது. தில்லியில் ஆள்வைத்து ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த பெரிய அமைப்புகள் பிழைத்துக்கொள்ளும். அவற்றின் துணையால் சிற்றூரில் கொத்தடிமை மீட்பும் மாலைப்பள்ளியும் நடத்திய சிறு குழுக்களே வாடும்.

அயற்பணத்தை நம்பி ஊழியம் செய்வதை நாம் போற்றவில்லை. பணம் தருபவன் நாளை கருத்தும் தருவான் என்பதை அறிவோம். ஆயினும், தொண்டர்க்குக் கணக்கு வேண்டும் என்று வாள் சுழற்றுகின்றவர் தம் கணக்கைக் காட்டினாரா? 2020 மார்ச்சில் தொடங்கிய 'பி.எம். கேர்சு' நிதிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தலைமையமைச்சர் அலுவலகமே விடை கூறிற்று. தணிக்கை அறிக்கை வெளியிடுகின்றோம் என்பர். தாமே விரும்பிக் காட்டுவது வேறு. கேட்பவனுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருப்பது வேறு. இன்னுமொன்று: அந்நிதிக்கு நிறுவனங்கள் தரும் கொடை, சட்டப்படியான குமுகப் பொறுப்புச் செலவாகக் கொள்ளப்படும், மாநில முதலமைச்சரின் துயர்துடைப்பு நிதிக்குத் தருவது அவ்வாறு கொள்ளப்படாது என்று 2020 ஏப்பிரல் 10ஆம் நாள் நடுவண் அமைச்சகம் விளக்கம் தந்தது. தமிழ்நாட்டு உழைப்பில் விளைந்த கொடைக்கும் தில்லிக்கே நேர்வழி. சென்னைக்கு அடைத்த கதவு!

அக்குமுகப் பொறுப்புத்தான் என்ன? 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு ஊதியத்தின் சராசரியில் 2 விழுக்காட்டைப் பொதுப்பணிக்குச் செலவிட வேண்டும் என்கின்றது. தம்மைச் சுற்றியுள்ள பகுதிக்கு முதன்மை தரவேண்டும் என்றும் கூறுகின்றது. நல்லதே. ஆனால், எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்வது நிறுவனத்தின் இயக்குநர் குழு. எந்த ஊருக்காகச் செலவிடுகின்றார்களோ அவ்வூரார்க்கு அக்குழுவில் ஓர் இருக்கையும் இல்லை. ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகின்றது. ஏரிக்கரையில் இருப்பவன் அதைப் படிப்பது எங்ஙனம்?

உத்திரமேரூருக்கு வடக்கே ஒரகடமும் திருப்பெரும்புதூரும் ஆலைக்காடுகளாகி நிற்கின்றன. அங்கே சாம்சங் ஆலைத் தொழிலாளர், தம் சங்கத்தை ஏற்கக் கோரியும் ஊதிய உயர்வு கேட்டும் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கம் பதிவு பெறவே 2025 சனவரி ஆயிற்று. அவர்கள் கேட்டது கொடையா? தம் உழைப்பின் பங்கையும், கூடிப் பேசும் உரிமையையும். திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். முன்னது இருந்தால் பின்னதற்குத் தேவை குறையும். கூலியைக் குறைத்துவிட்டுப் புத்தகப்பை கொடுப்பது ஈகையன்று. எடுத்ததில் ஒரு துளியைத் திருப்பிக் காட்டும் விளம்பரம்.

எனவே நாம் கோருவன மூன்று. ஓர் ஊரின் பெயரால் செலவிடப்படும் கொடை எதுவாயினும், அரசினதோ ஆலையினதோ தொண்டு நிறுவனத்தினதோ, அதன் வரவுசெலவு தமிழில் எழுதப்பட்டு அவ்வூர்க் கிராம அவையில் படிக்கப்பட வேண்டும். எப்பணி முதலில் வேண்டும் என்பதை அவ்வவையே சொல்ல வேண்டும். கணக்குக் காட்டாத அமைப்புக்கு அவ்வூரில் மறுபணி இல்லை என்னும் விதி சட்டமாக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம அவை கூடுகின்றது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த அவையிலேயே எழுந்து நின்று கேளுங்கள். உழுதவனும் கேட்கட்டும், பெண்களும் கேட்கட்டும், சேரியிலிருந்தும் குரல் எழட்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குமுன் ஒரு சிலர் தமக்கென்று கல்லில் வெட்டிக்கொண்ட உரிமையை, இன்று எல்லாரும் தமக்கென்று வாயால் கேட்கட்டும். கைகூப்பியது போதும், கணக்குக் கேட்போம்!