‘பீக் அவர்’ யாருடைய நேரம்?

கேம் லைவ் போட வரும் புதியவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "பெரிய சேனல்கள் லைவில் இருக்கும்போது நீ வராதே. ராத்திரி எட்டு முதல் பதினொன்று வரை அவர்கள் நேரம். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஒதுங்கி வா. தினமும் அதே நேரத்துக்கு வா. திறமை இருந்தால் மேலே வந்துவிடலாம்."

நான் காஞ்சிபுரத்தில் ஓரிக்கைப் பக்கம் ஒரு காலனியில் இருப்பவன். தடை நீங்கி பிஜிஎம்ஐ திரும்பி வந்த 2023 மே மாதத்திலிருந்து லைவ் போடுகிறேன். இந்த அறிவுரையைக் கேட்டு நடந்தும் இருக்கிறேன், மீறியும் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: இதில் பாதி கணக்கு, மீதி ஊர்க் கட்டுப்பாடு.

கணக்கை நான் மறுக்கவில்லை. நம் பார்வையாளர்கள் எந்தக் கிழமை, எந்த மணிக்கு வருகிறார்கள் என்று யூட்யூப் ஸ்டூடியோ ஊதா நிறத்தில் காட்டும். நிறம் எங்கே அடர்த்தியாகிறதோ அதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கினால் ஆள் சேரும். நமக்கு இரவு 8.30 என்றால் துபாயில் 7 மணி; வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய தம்பி பார்ப்பான். சிங்கப்பூரில் அப்போது 11 மணி. அங்கே இருப்பவன் படுக்கப் போயிருப்பான். இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

என் சண்டை வேறு. நேரம் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்துவதுதான் பாக்கி என்று இந்த அறிவுரை நினைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் நேரம் எப்போது எங்கள் கையில் இருந்தது?

கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால், கரைப்பக்க நாடாவைத் தள்ள ஒரு துணை ஆள் உட்கார வேண்டும். என் அப்பா பத்து வயதில் அந்த இடத்தில் உட்கார்ந்தார். தாத்தா வாங்கிய முன்பணம் தீரும்வரை அவருக்கு விடிவதும் இருட்டுவதும் தறி முதலாளி சொன்னபடிதான். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது.

சாதி இடத்தை மட்டும் பிரிப்பதில்லை, நேரத்தையும் பிரிக்கும். பேஷ்வாக்கள் காலத்துப் புனேயில் மகர்களும் மாங்குகளும் பிற்பகல் 3 மணிக்கு மேலும் காலை 9 மணிக்கு முன்பும் நகர வாயிலுக்குள் இருக்கக் கூடாது. அந்த நேரங்களில் நிழல் நீளமாக விழும். மேலே பட்டால் தீட்டு. சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யே இதைப் பதிவு செய்திருக்கிறார். நிழல் நீளாத நேரத்தில் வந்து போ என்றது அன்றைய கட்டளை. கூட்டம் இல்லாத நேரத்தில் வந்து போ என்கிறது இன்றைய அறிவுரை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது.

போன வருடம் ஒரு மாதம் பிடிவாதமாக இரவு 9 மணிக்கே லைவ் வந்தேன். ஆட்கள் வந்தார்கள். கூடவே வேறு சிலரும் வந்தார்கள். பெயரோடு சாதிப் பட்டம், முகப்புப் படத்தில் அரிவாள். "எந்த ஊருடா?" என்று தொடங்குவார்கள். ஊரைச் சொன்னால் "எந்தத் தெரு?" தெருவைச் சொன்ன பிறகு என் ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சாட்டைச் சத்தமாக வாசித்துப் பதில் சொல்வது என் வழக்கம். அன்று வாசிக்க முடியவில்லை. எங்களுடையது ஒற்றை அறை வீடு. அம்மா பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டைமை மாத்திக்கோ மச்சான்" என்றார்கள் நண்பர்கள். இரவு 11.30க்கு மாற்றினேன். ஒதுங்கித்தான் போனேன், மறைக்கவில்லை.

போன இடத்தில் எனக்காக ஆட்கள் இருந்தார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இரண்டாம் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து, வீட்டில் இறங்கிச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும் நேரம் அது. நாளெல்லாம் போன் பூட்டுகிறவர்கள் தங்கள் போனைக் கையில் எடுக்கும் நேரம். 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் சங்கம் வேண்டும் என்று 37 நாள் வேலைநிறுத்தம் நடந்த அதே வட்டாரத்துப் பிள்ளைகள். அவர்கள் தெரு கேட்பதில்லை. "சாப்டியாடா?" என்று கேட்கிறார்கள். இதற்குப் பெயர் கூட்டம் இல்லாத நேரமா? யாருடைய கூட்டம் கணக்கில் வருகிறது, யாருடையது வரவில்லை என்பதுதான் விஷயம்.

அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தது 1942 முதல் 1946 வரை. ஆலைகளில் வேலை நேரத்தை வாரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த சட்டத் திருத்தம் 1946-இல் வந்தது. வேலைக்குப் பிறகு மிஞ்சும் நேரமும் உரிமைதான். அந்த நேரத்தில் ஒருவன் படிக்கலாம், சங்கத்துக்குப் போகலாம், பிஜிஎம்ஐயும் பார்க்கலாம். "கேம் பார்த்து வீணாகிறார்கள்" என்று சலித்துக்கொள்ளும் நம் மூத்த தோழர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

நள்ளிரவில் லைவ் போட்டுப் பிள்ளைகளைக் கெடுக்கிறாயே என்று கேட்பது நியாயமான கேள்வி. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை இரவு 12 முதல் காலை 5 வரை தடுக்கும் விதி தமிழ்நாட்டில் 2025-இல் வந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. பிஜிஎம்ஐ அந்த வகையில் வராது. இருந்தாலும் ஒரு மணிக்கு மேல் நான் போவதில்லை. பள்ளிக்கூடப் பையன் என்று தெரிந்தால் "போய்ப் படு" என்று அனுப்பிவிடுவேன். வியூஸுக்காக நம் பிள்ளைகளின் தூக்கத்தை விற்க மாட்டேன்.

ஆக, 11.30 இனி என் விருப்பம். அது என் மக்கள் வீடு திரும்பும் நேரம். ஆனால் 9 மணியை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஞாயிறுதோறும் இரவு 9 மணிக்கு வருகிறேன். தனியாக அல்ல, நான் ஆட, இரண்டு நண்பர்கள் சாட்டைக் காவல் காக்கிறார்கள். சாதி வசவுகளைத் தமிழிலும், அவர்கள் தங்கிலீஷில் எழுதும் அத்தனை விதத்திலும், தடைசெய்த சொற்கள் பட்டியலில் ஏற்றியிருக்கிறோம். யூட்யூபின் வெறுப்புப் பேச்சு விதியில் சாதியும் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை; அறிந்துகொள்ளுங்கள், ரிப்போர்ட் செய்யுங்கள்.

ஏப்ரல் 14 அன்று நீலத்தில் ஸ்டேட்டஸ் வைக்கும் தோழர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஞாயிறு இரவு ஒரு காலனிப் பிள்ளையின் லைவுக்கு வாருங்கள். இருபது நிமிடம் இருங்கள். "எந்தத் தெரு" என்று கேட்கிறவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் என் ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள்.