மாட்டுது சரி, பொருந்துதா?

எச்சரிக்கை: கொஞ்சம் சூடான பதிவு. கார் இல்லாதவங்களும் படிக்கலாம். ரோட்டுல நடக்கற எல்லாருக்கும் இதுல பங்கு உண்டு.

"மாட்டும் தம்பி, ரெண்டும் அம்பாசடர் தானே?"

நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்புகள்ல இதைவிட ஆபத்தான வாக்கியம் கிடையாதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

அப்பா விட்டுட்டுப் போன பழைய அம்பாசடர் எங்கிட்ட இருக்கு. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பிந்தின மாடல்கள் சிலதுல முன்பக்கம் டிஸ்க் வந்துச்சு. அப்படி ஒரு வண்டியைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. ரெண்டு டிஸ்க், ரெண்டு காலிப்பர் வாங்கிட்டு வந்தேன். போல்ட் எல்லாம் அழகா உக்காந்துச்சு. மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பழசு. "அது நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தண்டச் செலவு?"ன்னு கேட்டது மெக்கானிக் அண்ணன். தலையாட்டினது சாட்சாத் நானேதான்.

முதல் தலைவலி: பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது. "ஏர் இருக்கு தம்பி." எடுத்தார். மறுபடி பஞ்சு. மறுபடி எடுத்தார். இப்படி அஞ்சு தடவை, ரெண்டு டப்பா பிரேக் ஆயில் காலி. கடைசியா நான் குனிஞ்சு பாத்தா, ஏர் எடுக்கற நிப்பிள் காலிப்பரோட அடியில இருக்கு. இடது பக்கத்தை வலது பக்கம் மாத்தி மாட்டியிருக்கார்! காத்து மேலதானே நிக்கும்? கீழ துளை வச்சு அஞ்சு தடவை இல்ல, அம்பது தடவை எடுத்தாலும் வராது. பக்கம் மாத்தினோம், பெடல் கெட்டியாச்சு. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன் :-)

ரெண்டாவது அறிகுறியை அப்பவே பாத்திருக்கணும். நியூட்ரல்ல போட்டுத் தள்ளினா வண்டி சுலபமா நகரல. "புது பேடு, தேய்ஞ்சா சரியாயிடும்"னார். நம்பினேன்.

தை மாசம், சம்பா அறுவடை நேரம். அம்மாவைக் காரைக்கால் ஆஸ்பத்திரியில காட்டிட்டு கோட்டுச்சேரி தாண்டித் திரும்பறேன். பூவம் நெருங்கறப்ப ரோட்டுல பாதிக்கு நெல்லு காயுது. ஒரு பெரியவர் குனிஞ்சு காலால கிளறிக்கிட்டு இருக்கார். பிரேக்கை மிதிச்சேன். பெடல் தரைக்குப் போயிடுச்சு. வண்டி அப்படியே போகுது. கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நெல்லு மேல ஏறி, அவருக்கு நாலு முழம் தள்ளி நின்னுச்சு. "பாத்து வரக்கூடாதா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். அம்மா வீடு வர்ற வரைக்கும் வாயே திறக்கல.

மறுநாள் மெக்கானிக் மிதிச்சுப் பாத்துட்டு, "பிரேக் நல்லாத்தானே இருக்கு"ங்கறார்! நல்லாத்தான் இருக்கும், ஆறிப்போச்சுல்ல.

நடந்தது இதுதான். டிரம் பிரேக்குக்குச் செஞ்ச பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலதுல ஒரு செக் வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் லைன்ல கொஞ்சம் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். டிரம்முல ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் இருக்கு, அதனால பிரச்சினை இல்ல. டிஸ்க்குல அந்த ஸ்பிரிங் கிடையாது. பேடு எந்நேரமும் உரசிக்கிட்டே இருக்கும், சூடு ஏறும், ஆயில் கொதிக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கறப்ப 205 டிகிரி தாங்கணும்னு கணக்கு. ஈரம் குடிச்சிட்டா அதுவே 140 தான். கொதிச்சா ஆவி. ஆவியை மிதிச்சா பெடல் தரைக்குத்தான் போகும்.

சரி, வேற மாஸ்டர் சிலிண்டர் எது கிடைச்சாலும் போடலாமா? அங்கயும் கணக்கு இருக்கு. 3/4 இஞ்ச் இருந்த இடத்துல 7/8 இஞ்ச் போட்டா, அதே மிதிக்குக் கிடைக்கற அழுத்தம் கால்வாசிக்கு மேல குறைஞ்சிடும். ஆனா பெடல் கல்லு மாதிரி இருக்கும். "பிரேக் சூப்பரா இருக்கு"ன்னு ஓனருக்கும் சந்தோஷம். கெட்டியான பெடல் வேற, நிக்கற வண்டி வேற மக்களே!

"இதுக்குத்தான் பழைய பார்ட்ஸே வாங்கக்கூடாது"ன்னு பின்னூட்டத்துல வரப்போற மேதாவிகளுக்கு முன்கூட்டியே பதில். அம்பாசடர் தயாரிப்பு 2014ல நின்னுபோச்சு. மாருதி 800ம் அதே வருஷம் போச்சு. அந்த வண்டிகளை வச்சு இன்னும் பிழைக்கறவங்க பழைய சாமானுக்குத்தான் போயாகணும். பழசு குத்தமில்ல, அளக்காம மாட்டறதுதான் குத்தம். அடுத்த வண்டி பிரேக்கைக் கொண்டுவர்றதா இருந்தா காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாத்தையும் ஒரே வண்டியிலேர்ந்து செட்டா கொண்டு வாங்க. இல்லாட்டி கழட்டினதையே திரும்ப மாட்டிடுங்க.

"ஏர் இருக்கு"ன்னு யாராவது சொன்னா, மூணு விஷயம் பாருங்க:

1. நிப்பிள் மேல இருக்கா?

2. வண்டியை ஜாக்கி போட்டு, பிரேக்கை மிதிச்சு விட்டு, சக்கரத்தைச் சுத்துங்க. இறுக்கமா இருந்தா நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்க. உடனே சக்கரம் விட்டுச்சுன்னா லைன்ல அழுத்தம் மாட்டியிருக்கு: மாஸ்டர் சிலிண்டரையும் ஹோஸையும் பாருங்க. அப்பவும் விடலைன்னா காலிப்பரே பிடிச்சிருக்கு.

3. மாஸ்டர் சிலிண்டர் அளவு என்ன? பல நேரம் அது மேலயே வார்த்திருக்கும். பழசும் புதுசும் ஒண்ணான்னு பாருங்க.

மொத்தம் அரை மணி நேர வேலை. இதைச் செய்யாத மெக்கானிக் மேல எனக்குக் கோவம்தான். ஆனா அதைவிட அதிகமா என் மேலதான். போல்ட் உக்காந்ததைப் பாத்துட்டு "பொருந்திடுச்சு"ன்னு நம்பினவன் நான். அந்தப் பெரியவர் ரெண்டடி இந்தப் பக்கம் நின்னிருந்தா, இந்தப் பதிவை எழுதற தைரியம் எனக்கு வந்திருக்காது.

பி.கு: டிஸ்க் வண்டிக்குரிய மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் ரெண்டும் தேடி வாங்கிப் போட்டாச்சு. இப்ப தள்ளினா நகருது, மிதிச்சா நிக்குது. அம்மா மட்டும் இன்னும் பஸ்லதான் போறாங்க.