அண்ணனுக்கும் வசனம் நான்தான்

மகாராஷ்டிரத்தின் இகத்புரியில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது தம்மகிரி. பர்மாவிலிருந்து 1969இல் இந்தியா வந்த எஸ்.என். கோயங்கா தொடங்கிய விபஸ்ஸனா மையம். 1976 முதல் இயங்குகிறது. பயிற்சி பத்து நாள். காலை 4 மணிக்கு மணியடிப்பார்கள். பேச்சு, புத்தகம், பேனா எதுவும் கூடாது. முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை.

சும்மா உட்காருவதில் என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் போனேன். முழங்கால் வலியைச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் உண்டு. என் கஷ்டம் அண்ணன். அப்பாவின் வீட்டை விற்ற விவகாரத்தில் எங்களுக்குள் நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. கண்ணை மூடினால் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார். நான் கேட்பேன், அவர் திமிராகப் பதில் சொல்வார், எனக்கு ரத்தம் கொதிக்கும். மூச்சாவது ஒன்றாவது!

ஆறாம் நாள் பிற்பகல்தான் உறைத்தது. அந்தத் திமிர்ப் பேச்சில் ஒரு வார்த்தைகூட அவர் சொன்னதல்ல. அவருக்கும் சேர்த்து நானே வசனம் எழுதி வந்திருக்கிறேன். உண்மையில் அன்று அவர் சொன்னது, "அப்புறம் பேசலாம்டா" என்பது மட்டும்தான்.

பத்தாம் நாள் மௌனம் கலைந்தது. மறுநாள் இகத்புரி ஸ்டேஷனில் போனை எடுத்தேன். அண்ணன் நம்பரை எப்போதோ அழித்திருந்தேன், விரல் மறக்கவில்லை.

"சொல்லுடா" என்றார்.

தயாராக வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. வண்டி அரை மணி நேரம் லேட் என்று சொன்னேன்.